ஆங்குலரில் அசிங்க் பைப்பா, கையால் சப்ஸ்கிரைபா?

வலைச்செயலிகள் எழுத உதவும் ஆங்குலரில், சர்வர் தரவைத் திரையில் காட்டுவது மட்டும்தான் வேலை என்றால் டெம்ப்ளேட்டில் (கம்போனென்டின் எச்டிஎம்எல் பகுதியில்) அசிங்க் பைப் போதும். மதிப்புகளை ஓடைபோலத் தரும் அப்சர்வபிளோடு அதுவே இணைந்துகொள்ளும் (இதுவே சப்ஸ்கிரைப்). திரையின் ஒரு பகுதியான கம்போனென்ட் அழியும்போது அதுவே விலகும். புது மதிப்பு வந்ததும் ‘இதைச் சரிபார்’ என்று ஆங்குலரிடம் சொல்லும் மார்க்ஃபார்செக்கை அழைப்பதால், தேவைப்படும்போது மட்டும் சரிபார்க்கப்படும் ஆன்புஷ் கம்போனென்டிலும் திரை புதுப்பிக்கப்படும்.

கையால் சப்ஸ்கிரைப் செய்து சாதாரண மாறியில் போட்டால் இந்த மூன்றும் நம் தலையில். ஆன்புஷ் இருந்தால் கன்சோலில் புதுத் தரவு தெரியும், திரையில் பழையதே நிற்கும். இன்டர்வல் போல முடிவில்லாத ஓடை பக்கம் மாறிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். கம்போனென்ட் அழிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும், ஆங்குலர் 16-இல் வந்த டேக்அன்டில்டிஸ்ட்ராய்ட் இதற்கு ஒரு வரித் தீர்வு.

அசிங்க் பைப்பிலும் குழிகள் உண்டு. ஒரே எச்டிடிபி அப்சர்வபிளை பெயருக்கு ஒருமுறை, மின்னஞ்சலுக்கு ஒருமுறை என டெம்ப்ளேட்டில் எழுதினால் பிரவுசரின் நெட்வொர்க் டேபில் இரண்டு கோரிக்கைகள் தெரியும். ‘இஃப்’ தொகுதியில் ஒரே ஒருமுறை பைப் போட்டு, ‘ஆஸ்’ கொண்டு பெயரிட்டால் தீரும். ஆனால் மதிப்பு 0 ஆக வந்தால் இஃப் அதைப் பொய்யாக எடுத்துக்கொள்ளும். கூடையில் ‘0 பொருட்கள்’ என்று வரவேண்டிய இடம் காலியாகும். மதிப்பை ஒரு ஆப்ஜெக்டில் பொதிந்து அனுப்புங்கள்.

இதைவிட மோசம், பைப்புக்கு முன்னால் மெத்தட் அழைப்பு. ஒவ்வொரு சேஞ்ச் டிடெக்ஷனிலும் (திரையில் எது மாறியது என்று ஆங்குலர் பார்க்கும் சோதனையிலும்) புது அப்சர்வபிள் பிறக்கும். பழைய கோரிக்கை ரத்தாகும், புதியது கிளம்பும், பதில் வந்ததும் மறுபடி அதே சுற்று. அப்சர்வபிளை கிளாஸ் ஃபீல்டில் ஒருமுறை உருவாக்கி வைத்தால் சுற்று நிற்கும்.

படிவத்தைச் சேமிக்கும் பொத்தானுக்கு அசிங்க் பைப்பை இழுக்காதீர்கள். அங்கே சப்ஸ்கிரைப்தான் இயல்பு. பிழைச் செய்தியையும் அதிலேயே கையாளலாம்.