புது மூட்டில் தொற்று: கழுவிக் காப்பதா, கழற்றி மாற்றுவதா?

முழங்கால் மூட்டு மாற்றி மூன்றாவது வாரம். தையலில் நீர்க் கசிவு நிற்கவில்லை, மூட்டு வீங்கிச் சுடுகிறது. இப்போது இருப்பது இரண்டே வழி: திறந்து கழுவி, பொருத்தியதைக் காப்பாற்றுவது, இல்லை, கழற்றி வேறு வைப்பது. ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்பதை நான் வழியாகவே எண்ணமாட்டேன். மூட்டு நீரை ஊசியால் எடுக்குமுன் மாத்திரை தொடங்கினால், எந்தக் கிருமி என்பதே கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) தெரியாமல் போகலாம்.

முதல் வழியை மருத்துவர்கள் டேர் என்பார்கள். கழுவுவதுதானே என்று நினைக்க வேண்டாம். மூட்டை முழுதாகத் திறந்து, கெட்டுப்போன திசுவை வெட்டி, ஐந்தாறு இடங்களில் மாதிரி எடுத்து, லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டு அலச வேண்டும். உலோகங்களுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் புதிதாக மாற்ற வேண்டும். அதைக் கழற்றினால்தான் மூட்டின் பின்பக்கம் சுத்தமாகும். சிறு துளையில் கேமரா விட்டுக் கழுவினால் இது நடக்காது. அதனால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எல்லாம் நாள் கணக்குதான். கிருமிகள் உலோகத்தின்மேல் பயோஃபிலிம் என்ற வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அது முதிர்ந்துவிட்டால் மருந்து எட்டாது. அறுவைக்குப் பின் 4 வாரம், அறிகுறி தொடங்கி 3 வாரம் என்று பொதுவாக எல்லை வைப்பது அதனால்தான்.

சரி, கழற்றுவது எப்போது? பொருத்திய மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்து ஆடினால், மேலே மூடத் தோல் போதாவிட்டால், கிருமிக்கு ஏற்ற மருந்து இல்லாவிட்டால். சிமென்ட் வைத்து ஒட்டிய முழங்காலில், கழற்றும்போது எலும்பும் கொஞ்சம் போகும். சிமென்ட் இல்லாத இடுப்பு மூட்டு வேறு கதை: முதல் சில வாரங்களில் எலும்பு இன்னும் பிடித்திருக்காது, எளிதாக வந்துவிடும். அங்கே ஒரே அறுவையில் கழற்றிப் புதிது வைப்பது டேருக்குச் சரியான போட்டி. ஹாம்பர்கின் எண்டோ கிளினிக் 1970களிலிருந்து இந்த ஒரே கட்ட முறையில் பேர்பெற்றது. கழற்றிய இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் ஸ்பேசரை, அதாவது தற்காலிக அடைப்பை, வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து மறுபடி அறுக்கும் இரண்டு கட்ட முறையை ஆரம்பத் தொற்றுக்கு முதலிலேயே எடுப்பது தேவைக்கு மிஞ்சியது.

டேரில் ஒரு சுமை உண்டு, மருந்துக் காலம். கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை என்றால் ரிஃபாம்பிசின் சேரும், காசநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயம் வேண்டாம். 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 6 வாரம் மருந்து எடுத்தவர்களில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று நீடித்தது. 12 வாரம் எடுத்தவர்களில் 9.4 சதவீதம். அந்த வித்தியாசம் டேர் செய்தவர்களிடம்தான் பெரிதாக இருந்தது.