வெள்ளவத்தையில் அப்பாவுக்கு டயாலிசிஸ் செய்யும் இடம்

அப்பாவுக்குக் கழுத்தில் லைன் (இரத்தக் குழாய்க்குள் விடும் டியூப்) போட்டுத்தான் டயாலிசிஸ். முதலில் போன இடம் (பெயர் வேண்டாம்) பார்க்க ஹோட்டல் மாதிரி இருக்கும். அங்கே ஒருநாள் மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அப்பாவுக்குக் குளிர் நடுங்கத் தொடங்கியது. ‘ஏசி கூடிப்போச்சு’ என்று சொல்லிப் போர்வையைப் போர்த்திவிட்டார்கள். லைனுக்குள் இருந்த கிருமி இரத்தத்தோடு கலந்துவிட்டது என்பது கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது. வார்ட், அன்டிபயோட்டிக் ஊசி, பழைய லைனைக் கழற்றிப் புது லைன், எல்லாம் பட்டுத்தான் இங்கே மாறினோம்.

இது காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மாடியில் இருக்கிறது. லிஃப்ட் சின்னது. வாகனம் நிறுத்த இடமில்லை, ஓட்டோவில் வாருங்கள்.

ஆனால் லைனைத் தொடும் விதம்தான் எனக்கு முக்கியம். இணைக்கும்போது துணைக்கு வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், கண்ணாடியால் பார்க்கலாம். அப்பாவுக்கு மாஸ்க் போட்டு முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல்வார்கள். தாதி கையைச் சுத்தம் செய்து, கையுறை போட்டு, கிளாம்ப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடியைக் கழற்றுவார். ஸ்பிரிட் நனைத்த துண்டால் நுனியையும் மரையையும் தேய்ப்பார். சும்மா ஒற்றி எடுக்கிற வேலை இல்லை. 15 விநாடி திருகித் திருகித் தேய்ப்பார். சிவப்பு முனைக்கு ஒரு துண்டு, நீல முனைக்கு வேறு துண்டு. பிறகு அது தானாகக் காயும்வரை பிடித்துக்கொண்டே நிற்பார். எவ்வளவு சனம் காத்திருந்தாலும் இதில் அவசரம் இல்லை.

லைன் வெளியே வரும் இடத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைப் பூசுகிறார்கள். அப்பாவுக்குத் தோல் சிவந்ததும் பொவிடோன் அயடினுக்கு மாற்றினார்கள். டிரெஸ்ஸிங் நனையவே கூடாதாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்ந்த மனுசனுக்கு அதுதான் பெரிய தண்டனை.

டொக்டர் லைனை நம்பி இருக்க விடவில்லை. பிஸ்டுலாவில் (கையில் நாடியையும் நாளத்தையும் ஒபரேஷன் செய்து இணைப்பது) கிருமி ஏறும் ஆபத்து நல்லாகக் குறைவு என்று விளக்கி, இடது கையில் செய்ய அனுப்பிவிட்டார். அது முற்றி ஊசி குத்தும் பதத்துக்கு வர மாதக்கணக்கு எடுக்கும். அதுவரை அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது.

குறை சொல்வதென்றால், வீட்டுக்குத் தரும் அறிவுறுத்தல் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இப்படியா! நல்லவேளை, தமிழ் தாதி ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார்: “ஐயா, காய்ச்சல், குளிர், லைனடியில நோவு, சீழ், எது வந்தாலும் அடுத்த டயாலிசிஸ் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ, உடனே கோல் எடுங்கோ.”

இரவு ஷிப்டில் ஆள் குறைவு. ஒருமுறை கட்டிலடியில் இருந்த ஹேண்ட் ரப் போத்தல் வெறுமையாக இருந்தது. சொன்னதும் மாற்றினார்கள், முகம்தான் கொஞ்சம் கோணிப்போனது. முடிந்தால் காலை ஷிப்டைக் கேட்டு வாங்குங்கள்.