குரூஸ் பயணம், அன்றும் இன்றும்: பழைய பயணிக்கு என்ன மிச்சம்?

தொண்ணூறுகளில் குரூஸ் என்னும் உல்லாசக் கப்பல் பயணத்தின் கடைசி இரவு என்றால் உறை கொடுக்கும் இரவு. அறையில் நான்கைந்து சிறிய உறைகள் வைத்திருப்பார்கள். பரிமாறுபவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று, அறையைச் சுத்தம் செய்பவருக்கு ஒன்று, தலைமைப் பரிமாறுபவருக்கு ஒன்று. யாருக்கு எவ்வளவு கொடுப்பது வழக்கம் என்று துண்டுச்சீட்டும் இருக்கும். பணத்தை உறையில் போட்டு, சாப்பாட்டு மேசையில் அவரவர் கையில் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

இன்று அந்த டிப்ஸ், ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறுகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் குழந்தைக்கும் அதே தொகைதான். சூட் என்னும் பெரிய சொகுசு அறைக்குக் கூடுதல். குடிபானங்களுக்கு 18 முதல் 20 சதவீதம் வரை தனி. பான பேக்கேஜ் வாங்கினால் அதன் விலை மேலும் அந்தச் சதவீதம் ஏறும் என்பதைப் பலர் பில் வந்த பிறகே கவனிக்கிறார்கள். அறிவிக்கப்பட்ட உயர்வு அமலுக்கு வரும் முன் டிப்ஸை முன்கூட்டியே கட்டிவிட்டால் பொதுவாகப் பழைய விகிதத்திலேயே முடிந்துவிடும். பழைய பயணிகள் முன்பதிவு முடிந்த கையோடு செய்யும் முதல் வேலை இதுதான்.

உறை மட்டுமல்ல, குரூஸின் கணக்கு முழுக்கவும் மாறியிருக்கிறது. ஒரே கட்டணத்துக்குள் அடங்கியிருந்தவை ஒவ்வொன்றாகக் கழன்று, தனித்தனி விலையோடு திரும்பி வந்திருக்கின்றன. அடிப்படைக் கட்டணம் மலிவாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். பழையதையும் புதியதையும் ஒப்பிடுகிறவர்கள் டிக்கெட் விலையை மட்டும் பார்க்கக்கூடாது. பயணம் முடிந்து இறங்கும் நாளில் வரும் மொத்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

கூட்டம் பற்றிய புகாரை எடுத்துக்கொள்வோம். "கப்பல் பெரிதாகிவிட்டது, நெரிசல் தாங்கவில்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கிறது. கப்பலின் கிராஸ் டன் என்பது எடையல்ல, உட்புறக் கொள்ளளவின் அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது தெரியும். 1970 இல் வந்த சாங் ஆஃப் நார்வே சுமார் 18,400 டன், 724 பயணிகள், ஆளுக்கு 25. 1988 இல் வந்த சாவரின் ஆஃப் த சீஸ் சுமார் 73,000 டன், 2,270 சொச்சம் பேர், ஆளுக்கு 32. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன், அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர், ஆளுக்கு 44. அப்படியானால் இடம் கூடித்தான் இருக்கிறது. பிறகு ஏன் நெரிசல்?

இரண்டு காரணங்கள். முதலாவது, அந்த 5,610 என்பது அறைக்கு இருவர் கணக்கு. பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பும்போது அதே கப்பல் 7,600 பேர் வரை ஏற்றும். அப்போது ஆளுக்கு 33க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரே கப்பலில் மே மாத முதல் வாரமும் ஜூலை நடுவாரமும் இரண்டு வெவ்வேறு பயணங்கள். இரண்டாவது, கூடிய இடம் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பதில்லை. எம்எஸ்சி நிறுவனத்தின் யாட் கிளப் 2008 இல் வந்தது. நார்வீஜியனின் ஹேவனும் அதே வகைதான். தனி நீச்சல்குளம், தனி உணவகம், தனி லிஃப்ட் வசதி என்று கப்பலுக்குள் ஒரு கப்பல். மேல்தளத்தின் முன்பக்கம், அதாவது கடல் நன்றாகத் தெரியும் பக்கம், பல கப்பல்களில் இப்படி வேலி போடப்பட்டுவிட்டது. சாதாரண அறையில் இருப்பவருக்கு மிஞ்சுவது நடுக்குளமும் அதைச் சுற்றியுள்ள நாற்காலிகளும். விடியற்காலையில் துண்டைப் போட்டு நாற்காலியைப் பிடித்துவைக்கும் கலாச்சாரம் அங்கேதான் தழைக்கிறது. ஆள் இல்லாத நாற்காலியில் நேரம் குறித்து ஸ்டிக்கர் ஒட்டி, அரைமணி, முக்கால்மணி கழித்துத் துண்டை எடுத்துவிடும் ஏற்பாடு சில கப்பல்களில் உண்டு. ஊழியர் யார் என்பதைப் பொறுத்து அது நடக்கும், நடக்காமலும் போகும்.

இனி லாயல்டி நிலைகள், அதாவது ஒரே நிறுவனத்தில் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத் தரும் சலுகைப் படிகள். இதுதான் பழைய பயணிகளின் உண்மையான மனத்தாங்கல்.

ராயல் கரீபியனில் முன்பு பயணங்களை எண்ணினார்கள். 2011 முதல் இரவுகளை எண்ணுகிறார்கள். இரவுக்கு ஒரு புள்ளி, சூட்டில் இரண்டு, தனியாளாக இரட்டைக் கட்டணம் கட்டிப் போனால் இரண்டு. 30 புள்ளியில் பிளாட்டினம், 55 இல் எமரால்ட், 80 இல் டயமண்ட், 175 இல் டயமண்ட் பிளஸ், 700 இல் பினக்கிள். ஏழு இரவுப் பயணமாகவே போனால் டயமண்டுக்குப் பன்னிரண்டு பயணம் வேண்டும், பினக்கிளுக்கு நூறு. நூறு பயணம் போனவர்கள் இருக்கிறார்களா என்று கேட்காதீர்கள். இருக்கிறார்கள், அதுவும் ஒரே கப்பலில் பல பேர்.

அங்கேதான் சிக்கல். நிலை உயர்ந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் மாலை நேரத்து லவுஞ்சும் இலவசப் பானமும் உண்மையான மரியாதையாக இருந்தன. ஒரே பயணத்தில் நூற்றுக்கணக்கான டயமண்டுகள் வரத் தொடங்கியதும் லவுஞ்சில் உட்கார இடமில்லை. அதற்குத் தீர்வாக, நாளுக்கு நான்கு பான வவுச்சர்களை அறை அட்டையிலேயே ஏற்றி, எந்த பாரிலும் பயன்படுத்தலாம் என்று மாற்றினார்கள். டயமண்ட் பிளஸுக்கு ஐந்து, பினக்கிளுக்கு ஆறு. என் கணிப்பில் இது பயணிக்கு லாபமான மாற்றம்தான். காலைக் காபிக்கும் அதே வவுச்சர் செல்லும். போனது வேறு. மாலை ஐந்து மணிக்கு ஒரே அறையில் அதே முகங்கள் கூடும் அந்த நெருக்கம் போய்விட்டது.

பிரின்சஸ் கப்பல்களில் 15 பயணம் அல்லது 150 நாள் முடித்தவர் எலைட். அங்கே துணி வெளுப்பு இலவசம். நீண்ட பயணத்தில் இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. இரண்டு வாரப் பயணத்துக்கு ஒரு கைப்பெட்டியோடு போய்வரலாம். ஹாலண்ட் அமெரிக்காவில் நான்கு நட்சத்திர நிலையில் இதே சலுகை. கார்னிவல் 2025 இல் அறிவித்த புதிய திட்டம்தான் பெரிய திருப்பம். கடலில் கழித்த நாளுக்குப் பதில் செலவழித்த பணத்தை வைத்து நிலை தருவது. விமான நிறுவனங்கள் முன்பே போன வழிதான் இது. மலிவான உள்ளறையில் ஆண்டுக்கு நான்கு முறை போனவருக்கு இது அடி. சூட்டில் ஆண்டுக்கு ஒரு முறை போய் காசினோவில் உட்காருகிறவருக்கு யோகம்.

ஆகவே சலுகைக்காகவே ஒரே நிறுவனத்தைக் கட்டிக்கொண்டு அழுவதில் முன்பிருந்த நியாயம் இப்போது இல்லை. 2024 இல் ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ மூன்றுக்கும் இடையே நிலையை ஈடுகட்டும் வசதி வந்தது. ஒரு குழுமத்துக்குள் கப்பல் மாறிப் பார்க்க விரும்புகிறவர்கள் இதைப் பயன்படுத்தலாம். இன்னொரு பழைய தந்திரமும் இன்னும் செல்லும்: பெரிய குரூஸ் குழுமங்களில் குறைந்தது 100 பங்குகள் வைத்திருப்பவருக்குப் பயணத்துக்கு ஏற்ப கப்பல் செலவுக்கான கிரெடிட் தருகிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னதாக விண்ணப்பிக்கவேண்டும், தானாக வராது.

சாப்பாட்டு மேசை மாறியது இதற்கும் முந்தைய கதை. மாலை ஆறு மணி, எட்டரை மணி என்று இரண்டு பந்தி. பயணம் முழுக்க ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர், எதிரே அதே ஆறு பேர். மூன்றாம் நாள் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 2000 இல் நார்வீஜியன் ஃப்ரீஸ்டைல் என்று விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் சாப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் அவரவர் பெயரில் பின்தொடர்ந்தார்கள். சுதந்திரம்தான், ஆனால் ஏழு மணியிலிருந்து ஏழரை வரை வாசலில் வரிசை. பழைய முறை வேண்டுவோருக்கு அது இன்னும் பல கப்பல்களில் இருக்கிறது. பதிவு செய்யும்போதே நிலையான நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பெரிய மேசை என்று குறிப்பிட்டு, ஏறிய நாள் மதியமே உணவறைக்குப் போய் மேசை எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. இருவர் மேசை போட்டிருந்தால் அன்றே மாற்றித் தருவார்கள். மறுநாள் கேட்டால் பந்தி நிரம்பியிருக்கும். நள்ளிரவு பஃபேயும் பனிக்கட்டிச் சிற்பமும் ஏறத்தாழ மறைந்தே விட்டன. உணவுப் பட்டியல் சுருங்கியிருக்கிறது. அறைக்கு வரவழைக்கும் சாப்பாட்டுக்குப் பல நிறுவனங்களில் சேவைக் கட்டணம். ஒவ்வாமை உள்ளவர்களைக் கவனிப்பதோ முன்னைவிடப் பல மடங்கு மேல்.

அறைப் பணியாளர் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை வந்த காலம் போய், பல கப்பல்களில் ஒரே முறைதான். காலையா மாலையா என்று முதல் நாளே சொல்லிவிடவேண்டும். பனிக்கட்டி வாளி, கூடுதல் தலையணை, துணிமாட்டி எல்லாவற்றையும் அதே பேச்சில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு. காந்தக் கொக்கி நான்கு கொண்டுபோனால் தொப்பியும் ஈர உடையும் தொங்கவிடலாம். மின்சாரத்தில் மட்டும் கவனம். மின்வீச்சுத் தடுப்பு (சர்ஜ் புரொடெக்டர்) உள்ள பிளக் பட்டைகளை ஏறும்போதே பறித்துவிடுவார்கள். வீட்டு மின்சுற்றில் ஒரு கம்பி நிலத்தோடு இணைந்திருக்கும். கப்பலில் பொதுவாக அப்படி இல்லை, இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். நிலத்துக்கென வடிவமைத்த அந்தத் தடுப்பு அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனிகளில் தீ பரவி ஒருவர் இறந்தார். அணைக்காத சிகரெட்தான் காரணமாக இருக்கும் என்று விசாரணை சொன்னது. பால்கனியில் புகைபிடிக்கத் தடை படிப்படியாக வந்ததன் பின்னணியில் அதுவும் இருக்கிறது.

பாதுகாப்புப் பயிற்சி தனியாகச் சொல்லவேண்டியது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். அது கேட்டதும் எல்லோரும் உயிர்காப்புப் படகு நிலையத்தில் வரிசையாக அரைமணி நேரம் நிற்கவேண்டும். யாருக்கும் பிடிக்காது. 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அன்றைய விதி அனுமதித்தது. கப்பல் புறப்படும் முன்பு அல்லது புறப்பட்ட உடனே நடத்தவேண்டும் என்ற திருத்தம் 2015 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு பல நிறுவனங்களில் கூட்டமாக நிற்பதும் இல்லை. செல்பேசியில் படம் பார்த்து, நிலையத்துக்குப் போய் அட்டையைத் தேய்த்தால் முடிந்தது. வசதிதான். ஆனால் பஃபேயிலிருந்து நேராக நிலையத்துக்குப் போய் அட்டை தேய்ப்பவருக்குத் தன் அறையிலிருந்து அங்கே போகும் வழி தெரியாது. லிஃப்ட் ஓடாது என்று வைத்துக்கொண்டு ஒருமுறை படியிறங்கி நடந்து பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

இணையம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டத்தக்க முன்னேற்றம். நிமிடக் கணக்கில் காசு கட்டி, ஒரு மின்னஞ்சல் திறக்க நான்கு நிமிடம் காத்திருந்தது நினைவிருக்கும். அன்று கப்பலுக்கு இணையம் தந்த செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில்; போய்வரவே அரை நொடி. ஸ்டார்லிங்க் என்னும் புதிய செயற்கைக்கோள் வலை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகிறது. 2022 இல் ராயல் கரீபியன் அதைத் தன் கப்பல்களுக்குக் கொண்டுவரத் தொடங்கியது; இப்போது வீடியோ அழைப்பு சாதாரணம். அன்றன்றைய நிகழ்ச்சிகளைச் சொல்லி அறைக்கு வந்த காகிதத் தாள் போய்ச் செயலி வந்துவிட்டதால், ஏறும் முன்பே செயலியை இறக்கி உள்நுழைந்து வைப்பது அவசியம். அன்றாட நிகழ்ச்சி நிரலுக்குப் பொதுவாகக் கப்பலின் உள்வலை போதும். அதற்காக இணையப் பேக்கேஜ் வாங்கவேண்டியதில்லை.

துறைமுகங்களும் முகம் திருப்பத் தொடங்கிவிட்டன. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் ஜியூடெக்கா கால்வாயில் நுழைய முடியாது. அலாஸ்காவின் ஜூனோவில் 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான். பயணப் பட்டியலில் "வெனிஸ்" என்று இருந்தால் உண்மையில் எந்தத் துறையில் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். ரவென்னாவாக இருந்தால் பேருந்திலேயே பாதி நாள் போகும். இந்த நெருக்கடிக்கு நிறுவனங்களின் விடை சொந்தத் தீவு. நார்வீஜியன் 1977 இலேயே கிரேட் ஸ்டிரப் கேயை வாங்கிவிட்டது. ராயல் கரீபியன் 2019 இல் கோகோகேயைப் புதுப்பித்துத் திறந்தது. மதியச் சாப்பாடு இலவசம், நீர்ச்சறுக்குப் பூங்காவுக்குத் தனிக் காசு. தீவிலும் அதே கணக்குப்புத்தகம்தான்.

முன்பதிவில் மாறியது கெடு. இறுதித் தொகையை 60, 75 நாளுக்கு முன் கட்டினால் போதும் என்றிருந்தது இப்போது 90, சிலவற்றில் 120 நாள். அந்தக் கெடுவுக்கு முன் விலை இறங்கினால் அதே அறையைப் புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். கெடு தாண்டினால் வாய்ப்பு குறைவு. மலிவான கட்டண வகைகளில் முன்பணம் திரும்பக் கிடைக்காது, தேதி மாற்றினாலும் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். அறையைத் தேர்வு செய்யும்போது மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று தள வரைபடத்தில் பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே அரங்கம் என்றால் இரவு பதினொன்று வரை டிரம்ஸ். முன்முனையில் நங்கூரமும் கரைசேர்க்கும் உந்திகளும் விடியலில் எழுப்பிவிடும். ஆட்டம் குறைவு, நடுப்பகுதிக் கீழ்த்தளத்தில்.

அதே வரைபடத்தில் இன்னொன்றையும் தேடுங்கள்: கப்பலை முழுதாகச் சுற்றிவரும் வெளிநடைத் தளம். 2020 இல் துருக்கியின் அலியாகாவில் உடைக்கப்பட்ட சாவரின், மோனார்க் போன்ற கப்பல்களோடு அந்த வகை நடைதளங்கள் பலவும் போயின. புதிய கப்பல்களின் வடிவம் உள்நோக்கித் திரும்பிவிட்டது. நடைபாதை கடைகளுக்கு நடுவே ஓடுகிறது, சில அறைகளின் ஜன்னலே உள்பூங்காவைப் பார்க்கிறது. ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களில் இன்னும் முழுச்சுற்று உண்டு. மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மைல். சூரியன் ஏறுமுன் போனால் துண்டு போட்ட நாற்காலிகள் ஒன்றும் அங்கே இருக்காது.