லக்மனா, லாச்சியா? அடிபட்ட முழங்காலைக் கையால் அறிதல்

ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்து விளையாடி விழுந்த பொடியன்களை மறுநாள்தான் என்னிடம் கூட்டி வருவார்கள். முழங்காலைத் தொடுவதற்கு முன் நான் கேட்பது, "தம்பி, எப்ப வீங்கினது?" விழுந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் பொம்மென்று வீங்கியிருந்தால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கும், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைக்கும் நாரான முன் குறுக்கு லிகமென்ட் அறுந்திருக்க இடமுண்டு. படுத்தெழும்பிய பிறகு வீங்கியிருந்தால் மெனிஸ்கஸ் எனப்படும் சவ்வுக் குருத்தெலும்பின் மேல் சந்தேகம் போகும்.

லிகமென்டைப் பார்க்க இரண்டு சோதனைகளை நான் எடுத்துக்கொள்வதுண்டு. பலருக்கும் தெரிந்தது, முழங்காலை 90 பாகைக்கு மடக்கி, பாதத்தின்மேல் இலேசாக உட்கார்ந்து, மேசை லாச்சியை இழுப்பதுபோல் கீழ்க்காலை முன்னுக்கு இழுப்பது. செய்வது சுலபம்தான். ஆனால் புதிதாக அடிபட்ட காலில் இதை நான் நம்புவதில்லை. வீங்கிய மூட்டு அவ்வளவு தூரம் மடங்காது. வலியில் பின்தொடைத் தசை இறுகி எலும்பைப் பின்னுக்கே பிடித்து வைத்துக்கொள்ளும். லிகமென்ட் அறுந்திருந்தும் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

லக்மன் சோதனையில் 20 முதல் 30 பாகை வரை மடக்கினால் போதும். தசை தளர்ந்திருக்கும். ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னுக்கு இழுக்க வேண்டும். எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எப்படி நிற்கிறது என்பதே முக்கியம். நல்ல லிகமென்ட் கயிறு இறுகியதுபோல் சட்டென நிறுத்தும். அறுந்தது நிற்காமல் குழைந்து போகும். பிலடெல்பியாவின் ஜோன் லக்மனுடைய இந்த முறையை அவரது மாணவர் ஜோசப் டோர்க் 1976இல் எழுதி வெளியிட்டார். கரைவலை இழுப்பவரின் பருத்த தொடையை என் சிறிய கையால் பிடிக்க முடியாதபோது, என் முழங்காலை அவர் தொடைக்குக் கீழே அணையாக வைத்துக்கொள்வேன். எந்தக் காலுக்கும் என் தெரிவு லக்மன்தான். நாட்பட்ட, வீக்கம் வற்றிய காலில் மட்டும் லாச்சி முறையையும் சேர்த்துப் பார்ப்பேன்.

மெனிஸ்கஸுக்கு இவ்வளவு தெளிவான வெற்றியாளர் இல்லை. மக்மரி சோதனையில் காலை நன்றாக மடக்கி, முறுக்கியபடி மெல்ல நீட்டும்போது மூட்டுக் கோட்டில், அதாவது இரு எலும்புகளும் சந்திக்கும் இடத்தில், 'டக்' என்று ஒரு தட்டல் விரலுக்குப் படும். அது பட்டால் பெரும்பாலும் கிழிவுதான். படாவிட்டால் கிழிவு இல்லை என்று சொல்ல முடியாது. தெசலி சோதனையில் ஒற்றைக்காலில் 20 பாகை மடக்கி நின்று உடலைத் திருப்ப வேண்டும். 2005இல் வந்த முதல் ஆய்வு அதை மிகவும் மெச்சியது. பின்னைய ஆய்வுகளில் அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை. லிகமென்ட் அறுந்த சந்தேகம் உள்ளவரை நான் அப்படி நிறுத்தவே மாட்டேன். மூட்டுக் கோட்டை விரலால் அழுத்தி வலி தேடுவதையும் மக்மரியையும் சேர்த்தே முடிவெடுக்கிறேன்.

எதைச் செய்தாலும் நல்ல காலில் முதலில் செய்யுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு தளர்வு. நாலடி நடக்க முடியாதவருக்கு இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம், முதலில் எக்ஸ்ரே. மடங்கியபடி பூட்டிக்கொண்ட முழங்காலை இழுத்து நீட்டப் பார்க்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புங்கள்.