மொய் நோட்டா, கடன் பாஸ்புக்கா? இளந்தம்பதிக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

ஓசூரில் 25 லட்ச ரூபாய் வீட்டுக்கடனில் வீடு வாங்கிய ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு, மாதத் தவணை 21,696 ரூபாய். முதல் மாதத் தவணையில் 17,708 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,000கூட இல்லை. முதல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 2 லட்சத்து 60 ஆயிரம் கட்டினாலும் கடன் 50 ஆயிரம்தான் இறங்கியிருக்கும். பத்து ஆண்டு ஒரு தவணை தவறாமல் 26 லட்சம் கட்டிய பிறகும் பாக்கி பதினேழரை லட்சம் நிற்கும். பாதிக் காலம் போய்விட்டது, பாதிக் கடன் போகவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் கையில் மிஞ்சுவதையெல்லாம் அசலில் போட்டுவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் தை பிறந்ததும் இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளும் வர ஆரம்பிக்கும். காவேரிப்பட்டணத்தில் கல்யாணம், பாலக்கோட்டில் காதுகுத்து, அரூரில் மஞ்சள் நீராட்டு. அவன் பக்கத்துப் பங்காளிகள், அவள் பக்கத்து மாமன் மச்சான்கள், கம்பெனி நண்பர்கள். நல்லது கெட்டதுக்குப் போகாமல் கடனை மட்டும் அடைத்துக்கொண்டிருக்க இந்த ஊர்களில் முடியாது, முடியவும் கூடாது. எது எதற்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரிந்தால் இரண்டையும் நடத்தலாம்.

அசலில் கூடுதலாகக் கட்டினால் என்ன கிடைக்கிறது

மேலே சொன்ன அதே கடனில், முதல் மாதத்திலிருந்தே கூடுதலாக

2,000 ரூபாய் கட்டினால்: 3 ஆண்டு 9 மாதம் முன்னதாக முடியும், வட்டியில் மிச்சம் சுமார் 5.9 லட்சம்.
3,000 ரூபாய் கட்டினால்: 5 ஆண்டு 1 மாதம் முன்னதாக, மிச்சம் சுமார் 7.9 லட்சம்.
5,000 ரூபாய் கட்டினால்: 7 ஆண்டு 1 மாதம் முன்னதாக, மிச்சம் சுமார் 10.9 லட்சம்.

முதல் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பலன்தான் அதிகம். 2,000க்கு 45 மாதம் குறைகிறது. அதற்கு மேல் 3,000 சேர்த்தால் இன்னும் 40 மாதம்தான் குறைகிறது. எனவே 'கட்டினால் 10,000, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை' என்று இருக்க வேண்டாம். 2025இல் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) குறைந்த பிறகு உங்கள் வட்டி 8க்குக் கீழே வந்திருந்தால் மிச்சமாகும் தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வரிச்சலுகை போய்விடுமே என்ற கவலையும் பலருக்கு உண்டு. புதிய வரி முறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு எந்தக் கழிவும் கிடையாது. அவருக்குக் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் முழு 8.5 சதவீதத்தை மிச்சப்படுத்துகிறது. பழைய முறையில் இருப்பவர்கள் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம் வரையான வட்டிக் கழிவைக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீடும் கடனும் இருவர் பேரிலும் இருந்தால் ஆளுக்கு 2 லட்சம்.

மொய் செலவு என்பது ஒரே செலவு அல்ல

கல்யாணமாகி இரண்டு மூன்று ஆண்டே ஆன தம்பதிக்கு மொய் நோட்டு என்பது கடன் பத்திரம். உங்கள் கல்யாணத்தில் 1,000 எழுதியவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் 1,000க்குக் குறையாமல், முடிந்தால் கொஞ்சம் மேலே வைத்துத் திருப்ப வேண்டும். இதைக் குறைத்து அசலில் போடுவது ஒரு கடனை விட்டுவிட்டு இன்னொன்றை அடைப்பது போல. வங்கிக்காரர் நோட்டீஸ் அனுப்புவார். சித்தப்பா அனுப்ப மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். திருப்ப வேண்டிய மொய்யில் கை வைக்காதீர்கள்.

புதிதாகத் தொடங்கும் மொய் வேறு. அங்கே நீங்கள்தான் கடன் கொடுக்கிறீர்கள். வட்டி இல்லை, தவணை இல்லை, உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால்தான் திரும்பும். இன்று 1,000 எழுதினால் பதினைந்து ஆண்டு கழித்து 1,500 வரலாம். அதே 1,000 கடனின் அசலில் போயிருந்தால், 8.5 சதவீதத்தில் அந்தப் பதினைந்து ஆண்டில் ஏறக்குறைய 3,560 ரூபாய்க்குச் சமம். பணமாக மட்டும் பார்த்தால் மொய் தோற்கும். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் வண்டி எடுத்து வருவது அந்த நோட்டில் உள்ளவர்கள்தான். நெருங்கிய வட்டத்துக்குத் தயங்காமல் செய்யலாம். பழக்கம் மட்டும் உள்ள இடத்தில் 500 என்று ஒரு வரம்பை முதல் ஆண்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை 2,000 எழுதிவிட்டால் பிறகு இறக்குவது கஷ்டம்.

நோட்டில் எழுதாத செலவையும் பார்க்க வேண்டும். ஓசூரிலிருந்து தருமபுரி போய்வர சுமார் 180 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் 12 லிட்டர், அதாவது சுமார் 1,200 ரூபாய், போக சுங்கச்சாவடி. 500 ரூபாய் மொய்யோடு சேர்த்து 1,700 ரூபாய்க்கு மேல் செலவு. தூரத்துப் பழக்கத்துக்கு ஒருவர் மட்டும் பஸ்ஸில் போய் வருவதை யாரும் குறை சொல்வதில்லை. ஒரே முகூர்த்தத்தில் மூன்று பத்திரிகை வந்தால் இருவரும் பிரிந்து போங்கள். ஜிபேயில் அனுப்பினால் பேரும் ஊரும் சொல்லி நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏறாத மொய் வராத மொய்யாகவே எண்ணப்படும்.

தாய்மாமன் சீரை இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது. அக்கா மகளுக்குக் காதுகுத்து எப்போது என்பது இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே தெரியும். அதற்குத் தனி ஆர்டி (மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் வங்கி வைப்பு) போடுங்கள். கடைசி நேரத்தில் புரட்டினால்தான் அது கடனாகிறது.

புதுமனை புகுவிழா மொய்: பலரும் வீணாக்கும் வாய்ப்பு

வீடு குடிபோகும்போது வரும் மொய்யை சோபாவுக்கும் டிவிக்கும் கொடுத்துவிடுவது வழக்கம். இது வட்டியில்லாக் கடன், 8.5 சதவீதக் கடனை அடைக்க இதைவிட நல்ல பணம் கிடைக்காது. திருப்புவது பத்துப் பதினைந்து ஆண்டில் 500, 1,000 என்று பிரிந்து போகும். வந்ததில் கால் பங்கை அடுத்த ஓராண்டு திருப்புவதற்காக எடுத்து வைத்துவிட்டு மீதியை அசலில் போடலாம். ஒரு எச்சரிக்கை: கல்யாணத்தில் வந்த மொய்க்கு வருமான வரி கிடையாது, ஆனால் புதுமனை புகுவிழாவுக்கு அந்த விலக்கு இல்லை. வரிச் சட்டம் உறவினர் என்று ஏற்காதவர்களிடமிருந்து ஓராண்டில் ஒருவருக்கு வரும் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் அவருடைய வருமானமாகும். சித்தப்பாவும் மாமாவும் உறவினர் பட்டியலில் உண்டு, அவர்கள் பிள்ளைகள் இல்லை.

இதே தர்க்கத்தை நீட்டி, மொய் வாங்குவதற்காகவே மண்டபம் பிடித்துப் பிறந்தநாள் வைப்பது தவறு. ஒன்றரை லட்சம் செலவழித்து ஒன்றேகால் லட்சம் மொய் வந்தால் 25 ஆயிரம்தான் நஷ்டம் என்பார்கள். வந்த ஒன்றேகால் லட்சமும் திருப்ப வேண்டியது. உண்மையான செலவு ஒன்றரை லட்சம். குழந்தையின் முதல் பிறந்தநாளை வீட்டிலேயே ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டு நடத்தினால் குறைந்தது ஒரு லட்சம் மிஞ்சும். கடனின் முதல் ஆண்டு முடிவில் அந்த ஒரு லட்சத்தை அசலில் போட்டால் 21 தவணை குறைகிறது.

வார இறுதியில் பெங்களூர் மால், மாதம் ஒரு படம், நண்பர்களோடு ஏற்காடு: இதற்கு மாதம் 3,000 வைத்தால் போதும். முழுக்க வெட்டாதீர்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆறாவது மாதம் ஒரே மூச்சில் 40,000 ரூபாய் டூர் போகும் வீடுகள் அதிகம்.

மாதாமாதமா, ஆடியில் ஒரே தடவையா

மொய்ச் செலவு சீராக வராது. தையிலும் வைகாசியிலும் கொட்டும், ஆடியிலும் மார்கழியிலும் ஓயும். மாதம் 5,000 தானாகக் கழியும்படி வைத்துவிட்டால் வைகாசியில் ஏழு பத்திரிகை வரும்போது கை கடிக்கும். உடனே யாரிடமாவது இரண்டு வட்டிக்கு வாங்குவார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 50,000 ரூபாயை அசலில் கட்டி ஆண்டுக்கு 4,250 மிச்சப்படுத்திவிட்டு, இன்னொரு 50,000 வாங்கி 12,000 வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. அசலில் போட்ட பணம் சாதாரண வீட்டுக்கடனில் திரும்ப வராது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மாதம் 5,000க்குப் பதிலாக ஆண்டு முடிவில் 60,000 ஒரே தடவை கட்டினால் கடன் முடிவது 155ஆவது மாதத்துக்குப் பதிலாக 157ஆவது மாதம் வாக்கில். தள்ளிப்போவது இரண்டு மாதம்தான். கூடுதல் வட்டி பதிமூன்று ஆண்டுக்கும் சேர்த்து சுமார் 54,000. அதுவரை பணம் ஆர்டியில் கிடந்தால் அந்த வட்டி இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆண்டு முழுக்கக் கையில் பிடி இருப்பதற்கு இந்த விலை கொடுக்கலாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

ஆகவே நடைமுறை இப்படி. இருவர் சம்பளமும் சேர்த்துக் கையில் 64,000 வருகிறது என்று வையுங்கள். தவணை 21,700, வீட்டுச் செலவு 24,000 போக 18,300 மிஞ்சும். இதில் 6,000 மொய், பயணம், துணிமணிக்கு; 5,000 அசலுக்கென்று ஆர்டியில்; 4,000 அவசரத்துக்கு; 3,000 உங்கள் இருவருக்கு. மொய்க் கணக்கும் ஆர்டியும் தனித்தனியாக, இருவரும் பார்க்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்வந்த கையோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்து மொய் நோட்டையும் விரித்து, ஆவணியிலிருந்து வரப்போகும் விசேஷங்களை எழுதுங்கள். அவற்றுக்குத் தேவையானதை எடுத்து வைத்துவிட்டு மொய்க் கணக்கின் மீதியையும் ஆர்டி பணத்தையும் அசலில் கட்டுங்கள். ஒரு நோட்டை மட்டும் பார்த்தால், 'உங்க பக்கத்துக்கு மட்டும் செய்றோம்' என்ற பேச்சு அடுத்த தைக்குள் வரும்.

இதெல்லாம் அவசர நிதி சேர்ந்த பிறகுதான். தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து மூன்று மாதத்துக்கு, இந்த வீட்டுக்குச் சுமார் 1 லட்சத்து 37 ஆயிரம், கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்கூட்டிக் கட்ட வேண்டாம். மாந்தோப்பு வருமானத்தை நம்பியிருக்கும் வீடானால் ஆறு மாதத்துக்கு வையுங்கள். பெங்களூரா மாங்காய் விலை விழும் ஆண்டிலும் தவணை விழாது.

வங்கியில் எங்கே தவறுகிறது

கூடுதல் பணம் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கலாம், அல்லது காலத்தைக் குறைக்கலாம். முதல் ஆண்டு முடிவில் கட்டிய ஒரு லட்சத்தையே பார்ப்போம். காலத்தைக் குறைத்தால் வட்டியில் மிச்சம் சுமார் 3.65 லட்சம். தவணையைக் குறைத்தால் மாதம் 885 ரூபாய் குறையும், கடைசி வரை மிச்சம் ஒரு லட்சம்தான். காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் பிரசவத்துக்காக ஒருவர் வேலையை விடும் எண்ணம் இருந்தால் மட்டும் தவணையைக் குறைப்பது சரி.

பத்தாம் ஆண்டு முடிவில் கட்டும் ஒரு லட்சம் மிச்சப்படுத்துவது சுமார் 1.26 லட்சம்தான். அதனால் ஆரம்ப ஆண்டுகளில் சிறு தொகையானாலும் கட்டுவது நல்லது.

தனிநபருக்குக் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. நிலையான வட்டிக் கடனாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சில இடங்களில் குறைந்தபட்சத் தொகை வைத்திருப்பார்கள், கிளைக்கே போய்க் கடிதம் கொடுக்கச் சொல்வார்கள். ஆன்லைனில் வெறுமனே பணம் அனுப்பினால் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக அது நின்றுவிடும் சிக்கலும் உண்டு. 'பார்ட் பேமென்ட், அசலில் வரவு வைக்கவும், தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். பத்து நாள் கழித்து ஸ்டேட்மென்ட் எடுத்து மூன்றைப் பாருங்கள்: அசல் பாக்கி முழுத்தொகைக்கும் இறங்கியிருக்கிறதா, மீதித் தவணை எண்ணிக்கை குறைந்திருக்கிறதா, அடுத்த தவணை வழக்கமான தேதியில் வழக்கமான தொகைக்கே எடுக்கப்படுகிறதா. மூன்றில் ஒன்று தப்பினாலும் அந்த மாதமே கிளைக்குப் போங்கள்.