விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் பகிர்வு வட்டுப் பழுதறியும் கருவிகள்: ஒரு மதிப்பீடு

விண்டோஸ் சர்வரின் ஃபெயில்ஓவர் கிளஸ்டருடன் (ஒரு சர்வர் பழுதானால் மற்றொன்று வேலையை ஏற்கும் சர்வர் குழு) சேர்ந்தே வரும் பழுதறியும் கருவிகளைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பகிர்வு வட்டுச் சிக்கலுக்கு இவற்றுக்கு மேல் விலை கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் முதலில் திறக்கும் மேலாண்மைத் திரையை மட்டும் நம்பக் கூடாது.

எங்கள் நான்கு நோடு (குழுவிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு) ஹைப்பர்-வி கிளஸ்டரில் ஒரு நோடில் ஓடிய விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) மட்டும் திடீரென மந்தமாயின. கிளஸ்டர் மேனேஜர் திரையிலோ எல்லா வட்டுகளும் 'ஆன்லைன்' என்றே இருந்தன. 2008 ஆர்2 பதிப்பில் அறிமுகமான கிளஸ்டர் ஷேர்டு வால்யூம் (எல்லா நோடுகளும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பகிர்வு வட்டு), ஒரு நோடுக்கு வட்டுடனான நேரடிப் பாதை அறுந்தாலும், வேறொரு நோடு வழியாக நெட்வொர்க்கில் தரவை அனுப்பி வேலையை நிறுத்தாமல் நடத்திவிடும். அருமையான ஏற்பாடுதான், ஆனால் பழுதை அது மறைத்தும் விடுகிறது. பவர்ஷெல்லில் 'கெட்-கிளஸ்டர்ஷேர்டுவால்யூம்ஸ்டேட்' என்ற கட்டளையை இட்ட பிறகே உண்மை தெரிந்தது: மூன்று நோடுகளுக்கு எதிரே 'டைரக்ட்' (நேரடிப் பாதை), நான்காவதற்கு எதிரே 'பிளாக் ரீடைரக்டட்' (வேறொரு நோடு வழியான பாதை), காரணமாக 'நோ டிஸ்க் கனெக்டிவிட்டி' (வட்டுடன் இணைப்பில்லை). முந்தைய வாரம் அந்த நோடில் எச்பிஏ கார்டை (சர்வரை ஸ்டோரேஜுடன் இணைக்கும் கார்டு) மாற்றியபோது, புதிய கார்டின் அடையாளமான டபிள்யூடபிள்யூபிஎன் எண்ணைச் சான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) சுவிட்சின் ஜோனிங்கில், அதாவது எது எதனுடன் பேசலாம் என்ற பட்டியலில், சேர்க்காமல் விட்டிருந்தோம். சேர்த்து வட்டுகளை ரீஸ்கேன் செய்ததும் 'டைரக்ட்' நிலை திரும்பியது. இந்த ஒரு கட்டளைக்காகவே இத்தொகுப்புக்கு முழு மதிப்பெண் தருவேன்.

கிளஸ்டரின் பதிவேட்டை (லாக்) எடுத்துத் தரும் 'கெட்-கிளஸ்டர்லாக்' கட்டளை விரிவானது, ஆனால் நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் எழுதுகிறது. ஈவன்ட் வியூவரில் பிற்பகல் 2:10 மணிக்குப் பதிவான 5120 எண் நிகழ்வை (பகிர்வு வால்யூம் இடைநின்றதைச் சொல்லும் பதிவு) லாகில் 08:40 என்ற இடத்தில்தான் தேட வேண்டும். 'யூஸ்லோக்கல்டைம்' என்பதைச் சேர்த்து எடுத்தால் இந்த ஐந்தரை மணி நேரக் குழப்பம் இல்லை.

2008 முதல் இருக்கும் வேலிடேஷன் சோதனை, ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷனை (எந்த நோடு வட்டைப் பயன்படுத்தலாம் என்று பூட்டும் முறை) ஸ்டோரேஜ் சரியாகக் கையாள்கிறதா என்பதையும் பார்த்து அறிக்கை தருகிறது. ஃபர்ம்வேர் மேம்படுத்தலுக்குப் பின் இதை ஓட்டாமல் நான் எதையும் பயன்பாட்டுக்கு விடுவதில்லை. வட்டுச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கும் வட்டு ஆஃப்லைன் ஆகிவிடும் என்பதால், எந்த விஎம்முக்கும் ஒதுக்காத ஒரு சிறிய லன்னை (ஸ்டோரேஜ் ஒதுக்கித் தரும் வட்டுப் பகுதி) எல்லா நோடுகளுக்கும் காட்டி, இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறோம்.