ஆலிவ் பாலிஃபீனால் கேப்சூல்: சாப்பிட்ட 14 மாதங்களும் நிறுத்திய 4 மாதங்களும்

பாளையங்கோட்டையில் வசிக்கும் எனக்கு வயது 56. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்றும், டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு 212 என்றும், நல்ல கொழுப்பு 37 என்றும் வந்தது. ரத்த அழுத்தம் 144/90, இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறேன் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை எழுதாமல், நடக்கவும் இரவுச் சோற்றைக் குறைக்கவும் சொல்லி அனுப்பினார். ஆலிவ் கேப்சூல் என் விருப்பம். அவரிடம் கேட்டபோது தடுக்கவில்லை. ஆனால் பின்னால் அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை தொடங்க நேர்ந்தால், இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறி இறக்கிவிடாதபடி, இதையும் சொல்லியாக வேண்டும் என்றார்.

ஆலிவ் எங்கள் ஊரில் விளையாவிட்டாலும் பெயர் பழகியதுதான். இங்குள்ள தேவாலயங்களில் ‘ஒலிவ’ என்றும் மேலப்பாளையத்துக் கடைகளில் ‘ஜைத்தூன்’ என்றும் அதைக் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கேப்சூலில் இருப்பது எண்ணெய் அன்று. இலையிலிருந்தோ காயிலிருந்தோ பிரித்தெடுத்த, பாலிஃபீனால் எனப்படும் கசப்புப் பொருள்கள். இலையில் ஒலியூரோபீன் மிகுதி. அது சிதையும்போது ஹைட்ராக்ஸிடைரோசால் கிடைக்கிறது.

முதலில் வாங்கிய புட்டியில் ‘ஆலிவ் சாறு 500 மில்லிகிராம்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. அந்த 500-இல் வேலை செய்யும் பொருள் எவ்வளவு என்பதைச் சொல்லாத அந்தப் புட்டியை இரண்டு மாதம் விழுங்கிய பிறகுதான் என் அசட்டுத்தனம் உறைத்தது. பிறகு, ஒலியூரோபீன் 20 சதவீதம், அதாவது ஒரு கேப்சூலுக்கு 100 மில்லிகிராம் என்று தெளிவாகக் குறித்திருந்த வேறொன்றுக்கு மாறினேன். மாதம் சுமார் 900 ரூபாய் ஆயிற்று. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு இளகியது. காலைப் பலகாரத்துக்குப் பின் போட்டபோது அந்தத் தொல்லை இல்லை. உடம்பில் சுறுசுறுப்பு, தூக்கம் என்று வேறெந்த மாற்றத்தையும் நான் உணரவில்லை.

ஆறாம் மாதப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு 158, சராசரிச் சர்க்கரை 5.9, இடுப்பு 97, அழுத்தம் 136/84. சந்தித்தவர்களிடமெல்லாம் கேப்சூலின் பெருமையைப் பேசினேன். ஆனால் அதே ஆறு மாதத்தில்தான் வ.உ.சி. மைதானத்தில் காலையில் 45 நிமிடம் நடக்கத் தொடங்கியிருந்தேன். டவுனுக்குப் போனால் கால் கிலோ அல்வா இல்லாமல் திரும்பாத பழக்கத்தையும், இரவில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதையும் விட்டிருந்தேன். இவ்வளவையும் கூடவே செய்துவிட்டுப் புகழை ஒரு புட்டிக்குக் கொடுப்பது எந்தக் கணக்கு என்று நான் யோசிக்கவில்லை. என் மனைவிதான் யோசித்தாள். “நடக்கதை விட்டுறாதீங்க, இந்தப் புட்டிய மட்டும் நிப்பாட்டிப் பாருங்க” என்றாள். அதைச் செய்ய எனக்கு மேலும் எட்டு மாதம் பிடித்தது.

பதினான்காம் மாத முடிவில் சராசரிச் சர்க்கரை 5.8, டிரைகிளிசரைடு 149. நடையையும் உணவையும் மாற்றாமல் கேப்சூலை மட்டும் நிறுத்தினேன். சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கைக் காட்டுவது என்பதால், நான்கு மாதம் பொறுத்து அதே ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தேன். 5.8, 152. வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தம் மட்டும் 134-இலிருந்து 138 ஆகியிருந்தது. வெயில், தூக்கம், ஆய்வகப் படிக்கட்டு என அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அதைக் கேப்சூலின் வரவில் எழுத எனக்கு மனமில்லை.

இதனால் ஆலிவ் ஆராய்ச்சியே வெற்று என்று ஆகிவிடாது. நியூசிலாந்தில், உடல் எடை கூடிய நடுவயது ஆண்கள் 46 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. இலைச் சாற்றால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை சுமார் 15 சதவீதம் மேம்பட்டது. ஆனால் அதே ஆய்வில் கொழுப்பு அளவுகளிலோ ரத்த அழுத்தத்திலோ மாற்றம் தென்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் அனுமதித்த வாசகமும் அடக்கமானதுதான்: ரத்தக் கொழுப்பை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்க ஆலிவ் எண்ணெயின் பாலிஃபீனால்கள் உதவுகின்றன. அதுவும் 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதன் வழிப்பொருள்களும் 5 மில்லிகிராமாவது இருந்தால் மட்டுமே. அந்த வாசகத்தில் சர்க்கரையும் இல்லை, தொப்பையும் இல்லை. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து, 2013-இல் வெளியாகி, குறைகள் திருத்தப்பட்டு 2018-இல் மறுபடி வெளியான பெரிய ஆய்விலும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தது கேப்சூலால் அன்று. காய்கறியும் பருப்பும் மீனும் கொண்ட உணவோடு, எக்ஸ்ட்ரா வெர்ஜின் எனப்படும் சுத்திகரிக்காத ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைத்தது.

இப்போது கேப்சூல் வாங்குவதில்லை. மாதம் ஒரு சிறிய எக்ஸ்ட்ரா வெர்ஜின் புட்டி வாங்கி, மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல்மேல் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்கிறேன். நல்ல எண்ணெய் என்றால் விழுங்கும்போது தொண்டையில் மிளகுபோல் ஒரு காரம் பிடிக்கும். அது ஒலியோகேந்தால் என்னும் பாலிஃபீனாலின் வேலை. ‘லைட்’ என்றும் ‘போமஸ்’ என்றும் சமையலுக்கு மலிவாக விற்பவை சுத்திகரிக்கப்பட்டவை; அவற்றில் அந்தக் காரமும் இல்லை, பாலிஃபீனாலும் பெரும்பாலும் இல்லை. இட்லிப் பொடிக்கு மட்டும் செக்கு நல்லெண்ணெய்தான். ஒருமுறை அதிலும் ஆலிவ் எண்ணெயை ஊற்றிப் பார்த்தேன், வீட்டில் யாரும் இரண்டாவது இட்லி எடுக்கவில்லை.